எட்டு மணி எப்படி 9:13 ஆனது?

பூச்சோங் பண்டார் புத்ரியில் ஓர் உணவகம், மேசை முன்பதிவுக்குச் செயலி வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் இரவு 8 மணிக்குப் பதிகிறார். உறுதிச் செய்தியில் 9:13 என்று வருகிறது. வேறு நாட்டு நேரம் புகுந்துவிட்டதென்றால் பிழை பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி கணக்கில்தான் இருக்கும். இந்த 73 நிமிடம் எங்கிருந்து வந்தது?

கோலாலம்பூரின் பழைய சூரிய நேரத்திலிருந்து! தீர்க்கரேகைக் கணக்குப்படி அது உலகப் பொது நேரத்தைவிட 6 மணி 46 நிமிடம் 46 விநாடி முந்தியது. பிறகு தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் பலமுறை மாறியது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம், போருக்குப் பின் ஏழரை மணி. சபா, சரவாக்குடன் ஒத்துப்போக 1981 டிசம்பர் 31 இரவு 11:30-ஐ நள்ளிரவு 12 ஆக்கியதில் எட்டு மணி. உலகக் கணினிகள் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளம் இத்தனையையும் வரிசையாக வைத்திருக்கிறது. முதல் பதிவு, சூரிய நேரம்.

பைத்தான் மொழியின் ஆவணத்தைப் பார்த்தால், தேதியையும் மணியையும் தரும்போதே நேர மண்டலத்தையும் சேர்த்துத் தரலாம். நிரலாளர் அப்படியே செய்கிறார். மண்டலத்தை மட்டும், பல்லாண்டுகளாகப் பரவலாக இருந்த ‘பை-டீ-செட்’ லைப்ரரியிலிருந்து எடுக்கிறார். அந்த லைப்ரரி ஒவ்வொரு நேர வித்தியாசத்தையும் தனித்தனியாக வைத்திருக்கும். மண்டலத்தைச் சேர்க்கும் கணத்தில், இந்தத் தேதிக்கு எது பொருந்தும் என்று பைத்தான் அதனிடம் கேட்பதில்லை. கேட்காததால் முதல் பதிவே, 6:47 என முழு நிமிடமாக்கப்பட்டு, ஒட்டிக்கொள்கிறது. இரவு 8 மணி, பொது நேரத்தில் நண்பகல் 12 ஆவதற்குப் பதில் பிற்பகல் 1:13 ஆகிறது. திரும்பக் காட்டும்போது சரியான எட்டு மணி கூட்டப்பட்டு 9:13.

சென்னையில் இதே தவறு செய்தால் 8 மணி 7:37 ஆகும். தரவுத்தளத்தில் இந்தியாவின் மண்டலத்துக்குரிய கொல்கத்தாவின் சூரிய நேரம் செய்யும் வேலை அது.

பை-டீ-செட் ஒன்றையும் மறைக்கவில்லை. இந்த வழி பல மண்டலங்களுக்குச் சரிவராது, ‘லோக்கலைஸ்’ என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள் என்று அதன் ஆவணமே சொல்லிவந்தது. பைத்தானின் ஆவணத்திலும் பொய் இல்லை. இரண்டும் சேருமிடத்தில்தான் ஓட்டை. ஒன்றைப் படித்துத் தெளிந்தவர் இன்னொன்றை ஏன் புரட்டப் போகிறார்? பிழைச் செய்தி எதுவும் வராமல் தவறான விடை மட்டும் வருவதுதான் இதில் பெரிய தொல்லை.

2020 அக்டோபரில் வந்த பைத்தான் 3.9, ‘ஸோன்இன்ஃபோ’ என்ற நேர மண்டல லைப்ரரியைத் தன்னுடனேயே கொண்டுவந்தது. அதில் ஆவணம் சொல்லும் நேர்வழியே எட்டு மணி வித்தியாசத்தைத் தருகிறது. பழைய நிரலை இதற்கு மாற்றுவோர் லோக்கலைஸ் வரிகளையும் தேடிப்பிடித்து நீக்க வேண்டும். புதியதில் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை, நிரல் அங்கேயே நின்றுவிடும்.