துறைமுக நகருக்கு ஏற்ற ஒரு பாடம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆபிரிக்க அமெரிக்கர் கற்கை தானாக வந்துவிடவில்லை. சான்பிரான்சிஸ்கோ அரச கல்லூரி மாணவர்கள் 1968 நவம்பர் முதல் 1969 மார்ச் வரை வகுப்புகளைப் பகிஷ்கரித்துப் போராடியதன் பலனாகவே அங்கு அத்துறை உருவானது. அடிமை வாணிபம், இலக்கியம், இசை, சட்டம், அரசியல் ஆகிய அனைத்தையும் கறுப்பின மக்களின் அனுபவத்தினூடாக ஆராய்வதே அப்பட்டப்படிப்பின் நோக்கம்.

இதைத் தொலைதேசத்துச் சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. போர்த்துக்கேயர் காலந்தொட்டு அடிமைகளாகவும், பின்னர் பிரித்தானியரின் படைவீரர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் புத்தளம் மாவட்டத்தின் சிரம்பியடியிலும் நமது திருகோணமலையிலும் வாழ்கின்றனர். காப்பிரியர் எனப்படும் இச்சிறு சமூகத்தின் முன்னோர் பேசிய கிரியோல் போர்த்துக்கேய மொழி அவர்களிடையே அருகிவருகின்றது. அவர்களைப் பற்றிய பழைய பதிவுகளில் பெரும்பாலானவை ஆண்டவர்கள் எழுதியவை.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கின்றது. மொழியும் தொடர்பாடலும் அங்கு கற்பிக்கப்படுகின்றன. தனிப் பட்டப்படிப்பு உடனே சாத்தியமாகாவிடினும், இச்சமூகம் குறித்து ஒரு பாட அலகையேனும் தொடங்கலாம். முதியோரின் மொழியையும் பாடல்களையும் நினைவுகளையும் மாணவர்கள் ஒலிப்பதிவு செய்வது அதன் முதற்பணியாக அமைய வேண்டும். அம்முதியோர் மறைந்தபின் தொடங்கும் ஆய்வுக்கு ஆவணங்கள் கிடைக்கலாம். அவர்களது குரல்கள் கிடைக்கமாட்டா.