பாடுவது ஆண் குயில்! பாடுபடுவது காக்கா!

சித்திரை வெயில் ஏற ஏற, குயில் சத்தமும் ஏறும். சென்னையில் வேப்ப மரம் நிற்கிற தெருக்களில் விடியும் முன்பே கச்சேரி தொடங்கிவிடும்.

"குயில் மாதிரி குரல்" என்று பெண்களைத்தான் புகழ்கிறோம். ஆனால் "கூ...ஊ" என்று ஊரைக் கூட்டுவது ஆண் குயில்! பளபளக்கும் கறுப்பு நிறம், ரத்தச் சிவப்புக் கண்.

பெண் குயில் பழுப்பு நிறம். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். "கிக், கிக், கிக்" என்று கீச்சிடும், அவ்வளவுதான்! இது வேறு ஏதோ பறவை என்று நினைப்பவர்கள் ஏராளம்.

ஜோடித் திருட்டு

குயில் கூடு கட்டாது. நம்மூரில் அது பெரும்பாலும் நம்புவது காக்கா கூட்டைத்தான்.

ஆண் குயில் கூட்டின் பக்கம் போய் வம்புக்கு இழுக்கும். காக்கா ஆத்திரத்தோடு துரத்தும். அந்தச் சமயம் பார்த்துப் பெண் குயில் நைசாக நுழைந்து, முட்டை இட்டுவிட்டுக் கம்பி நீட்டிவிடும்!

குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும். காக்கா முட்டைக்கு 16 நாளாவது ஆகும். முந்திப் பிறந்த குயில் குஞ்சுக்கே முதல் சாப்பாடு!

ஐரோப்பாக் குயிலின் குஞ்சு, கண் திறக்கும் முன்பே மற்ற முட்டைகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும். நம்மூர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. காக்கா குஞ்சோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு.

எடுத்துப் போகாதீர்கள்!

பறக்கப் பழகும் குஞ்சு சில நேரம் தெருவில் விழும். மேலே காக்காக்கள் கத்தும். "ஐயோ பாவம், கொத்திடும்" என்று குஞ்சை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கூண்டில் அடைக்கிறவர்கள் உண்டு. கத்துவது வளர்ப்புத் தாயாகவே இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுக்கிற தவிப்பு அது!

காயம் இல்லாத குஞ்சைப் பக்கத்து மரக்கிளையில் உட்கார வைத்து விலகி நின்றால் போதும். காக்காவே வந்து ஊட்டும். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குயிலைப் பிடிப்பதும், கூண்டில் வளர்ப்பதும் குற்றம்.

வளர்ந்த குயிலுக்குப் பழமே முக்கிய உணவு. ஆலம்பழம், அத்திப்பழம், வேப்பம்பழம் தின்று, விதையை வேறு இடத்தில் போடும். அங்கே புது மரம் முளைக்கும்.

கோடையில் கிளை வெட்டுகிறவர்கள் அரிவாளை ஓங்கும் முன் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பது நல்லது. விழப்போவது கிளை மட்டுமல்ல. காக்கா கூடும், அதற்குள் குயில் முட்டையும் இருக்கலாம்!