வானலைக்கும் வாடகை உண்டா?



பள்ளியில் பாட ஒலிபரப்பைக் கேட்கும்போது, பக்கத்து நிலையத்தின் பாட்டு ஊடே புகுந்துவிடுவது உண்டு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆசிரியருக்குத்தான் திண்டாட்டம்! இப்படி ஒருவர் அலை மற்றவர் அலையில் மோதாதிருக்கவே, எந்த அலைகளை யார் பயன்படுத்துவது என்று அரசாங்கம் பகுத்துக் கொடுக்கிறது. அவ்வாறு பகுக்கப்படும் அலைகளின் தொகுதியே அலைக்கற்றை.

இதில் அரசாங்கத் துறைகளின் பங்கு எவ்வளவு? பிரிட்டனில் பேராசிரியர் மார்ட்டின் கேவ் 2005ஆம் ஆண்டில் இதைக் கணக்கெடுத்தார். 15 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அலைக்கற்றையில் ஏறத்தாழப் பாதி பொதுத்துறை வசம் இருந்தது. அதிலும் பெரும்பங்கு தற்காப்பு அமைச்சினுடையது.

தோட்டத்தில் ஒரு சாமான் கொட்டகையை ஒருவருக்கு இனாமாகக் கொடுத்துவிட்டால், உள்ளே இரண்டு உடைந்த வாளிகள் மட்டுமே கிடந்தாலும் அவர் சாவியைத் திருப்பித் தரமாட்டார். என்றாவது தேவைப்படும் என்பார். துறைகளின் நிலையும் அதுவே. வைத்திருப்பதற்குச் செலவில்லை, விட்டுக்கொடுப்பதால் வரவும் இல்லை.

ஆகவே, தனியாரைப் போலவே துறைகளும் அலைக்கற்றைக்குக் கட்டணம் செலுத்தட்டும், மிஞ்சியதை வாடகைக்கு விடவோ விற்கவோ அவற்றுக்கு உரிமை இருக்கட்டும் என்றார் கேவ். அலையின் மதிப்புக்கேற்பக் கட்டணம் விதிக்க 1998ஆம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்திருந்தது.

யோசனை நல்லதுதான். ஆனால் துறை கட்டும் பணமும் கருவூலம் தந்ததுதானே? வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறும் பணம் யாரையும் அவசரப்படுத்தாது. கட்டணம் மட்டும் போதாது என்பதே என் எண்ணம். 2010ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு கெடுவும் வைத்தது: 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே 500 மெகாஹெர்ட்ஸைப் பத்தாண்டுகளில் பொதுத்துறை விடுவிக்க வேண்டும். தற்காப்பு அமைச்சு விட்டுக்கொடுத்ததில் 190 மெகாஹெர்ட்ஸ் 2018ஆம் ஆண்டில் ஏலத்துக்கு வந்தது. கைத்தொலைபேசி நிறுவனங்கள் அதற்கு 135 கோடிப் பவுனுக்கு மேல் கொடுத்தன.

அதற்காக எல்லாவற்றையும் விற்றுவிடலாமா? ஆம்புலன்ஸ் வண்டியின் அழைப்பும், விமானத்தை இறக்கும் ராடாரும் ஏலத்தில் போட்டியிட முடியாது. போர்க்காலத்துக்கென ஒதுக்கியது அமைதிக்காலத்தில் சும்மா கிடப்பது போலத்தான் தோன்றும்.

இங்கே அமெரிக்கா கண்ட வழி கவனிக்கத்தக்கது. 3.55 முதல் 3.7 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் அந்நாட்டுக் கடற்படையின் ராடார் இயங்குகிறது. போர்க்கப்பல் கரையோரம் வரும்போதுதான் அங்கே இடையூறுக்கு இடமுண்டு. 2015இல் விதிகள் வகுக்கப்பட்டு, 2020இல் தனியாரின் முழுப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. கடற்கரை நெடுகிலும் உணர்கருவிகள் காவல் இருக்கின்றன. ராடார் அலை தென்பட்டதும் அவை செய்தி அனுப்ப, பதிவேட்டைப் பராமரிக்கும் கணினி அப்பகுதியிலுள்ள மற்றவர்களை வேறு அலைக்கு மாற்றிவிடுகிறது. கப்பல் போனதும் அவர்கள் பழைய இடத்துக்குத் திரும்பலாம். கடற்படை எதையும் விற்கவில்லை.