மின்வில் யார் கைக்கு வசப்படும்?

தக்கலைக் கடைத்தெரு வழியே போகும்போது, கிரில் பட்டறையிலிருந்து 'சர்ர்' என்ற ஓசையுடன் நீல ஒளி பளிச்சிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "அதைப் பார்க்காதே, கண் கெட்டுவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரித்தும் இருப்பார்கள். அந்த ஒளிக்குப் பின்னால் முகமூடி பிடித்து நிற்பவர் பெரும்பாலும் ஓர் அண்ணன்தான். அங்கே ஏன் ஓர் அக்கா நிற்கக் கூடாது?

என் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டாள். "அதுக்குப் பலம் வேணும் சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் பதில் சொன்னான். எவ்வளவு பலம் வேண்டும்? இயற்பியலையே கேட்டுப் பார்ப்போமா?

கடுகளவு உலை

தக்கலைக்கு அருகே, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில், டி லனாய் என்ற டச்சுக்காரரின் மேற்பார்வையில் இங்கே பீரங்கிகள் வார்த்தார்கள். வார்ப்பதற்கு உலோகம் முழுவதையும் உருக்க வேண்டும். வெல்டிங்கில் அப்படியில்லை; இரண்டு துண்டுகள் சேரும் விளிம்பை மட்டும் உருக்கினால் போதும்.

இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகும். அந்த வெப்பத்தைத் தருவது மின்வில். வெல்டிங் மின்மாற்றியிலிருந்து வரும் இரு கம்பிகளில் ஒன்றை வேலைப்பொருளோடு இணைப்பார்கள். மற்றொன்று, ராடைப் பிடித்திருக்கும் ஹோல்டருக்குச் செல்லும். ராடின் நுனியால் இரும்பைத் தொட்டு, உடனே சுமார் 3 மில்லிமீட்டர் உயர்த்தினால், இடைவெளியிலுள்ள வாயு அயனிகளாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அங்கே வெப்பநிலை 5000 டிகிரியையும் தாண்டும்.

சுமார் 25 வோல்ட், 100 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 2500 வாட்! இரண்டரை இஸ்திரிப் பெட்டிகளின் வெப்பம் ஒரு சிறு புள்ளியில் குவிகிறது. ராடின் மேலுள்ள பூச்சு எரிந்து வாயுவாகி, உருகிய இரும்பைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தாக்காமல் காக்கிறது. எஞ்சியது கசடாக மேலே படியும். ஆறியபின் சிறு சுத்தியலால் தட்டி நீக்கலாம்.

பலமா, நிதானமா?

புதிதாகப் பழகுபவர் ஆணோ பெண்ணோ, செய்யும் தவறுகள் ஒன்றுதான். ராடை மிக நெருக்கினால் ஒட்டிக்கொள்ளும். மிக விலக்கினால் பொறி சிதறும், மின்வில் அணையும். ராடோ நொடிக்கு நொடி உருகிக் குறைகிறது. அதற்கேற்பக் கையைத் தாழ்த்திக்கொண்டே, சீரான வேகத்தில் முன்னே நகர்த்தவும் வேண்டும். இதற்குத் தேவை நிதானம்.

எடையைப் பாருங்கள். ஹோல்டரும் ராடும் சேர்ந்து ஒரு கிலோகூட வராது. 10 லிட்டர் குடத்து நீரோ 10 கிலோ! தினமும் அதை இடுப்பில் சுமப்பவரைப் பார்த்து 'உனக்குப் பலம் போதாது' என்று சொல்வது என்ன நியாயம்?

பட்டறையில் உண்மையான தடை வேறு. ஆண்களின் அளவில் தைத்த கையுறை பெண்ணின் கைக்குத் தளர்ந்தால் பிடி நழுவும். அளவான உலர்ந்த கையுறை, பருத்தி உடை, கட்டிய கூந்தல், கருங்கண்ணாடி முகமூடி ஆகியவை அவசியம். நைலான் உடை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். புற ஊதாக் கதிர்கள் கண்ணில் பட்டால், சில மணி நேரம் கழித்து மணல் விழுந்தாற்போல் கண் உறுத்தும். பெரியவர்கள் எச்சரித்தது இதனால்தான்.

மறக்கப்பட்ட கைகள்

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் ரிச்மண்ட் கப்பல் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதுவரை இரும்பைத் தொட்டறியாத பலர் அங்கே பயிற்சி பெற்று வெல்டர்களானார்கள். 1942 நவம்பரில் 'ராபர்ட் இ. பியரி' என்ற சரக்குக் கப்பல் அங்கே ஐந்து நாட்களுக்குள் கட்டி நீரில் இறக்கப்பட்டது. அத்தளங்கள் போர்க்காலத்தில் கட்டியவை 747 கப்பல்கள்.

லண்டனின் வாட்டர்லூ பாலத்திலும் பெண்கள் உழைத்தார்கள். ஆனால் 1945-இல் நடந்த திறப்பு விழா உரை ஆண்களை மட்டுமே பாராட்டியது. பெண் வெல்டர்களின் புகைப்படங்கள் பிற்காலத்தில்தான் ஆராய்ச்சியாளர் கைக்குக் கிடைத்தன. போர் முடிந்ததும் அப்பெண்களில் பெரும்பாலோர் வேலை இழந்தார்கள். கைத்திறன் குறைந்ததாலா? இல்லை, நண்பர்களே! திரும்பி வந்த ஆண்களுக்கு இடம் விட வேண்டும் என்பதால்தான்.

இன்று நம் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அதில் பெண்களும் சேரலாம்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். தாளில் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடு போடுங்கள். பென்சில் முனையைத் தாளுக்கு மேல் 3 மில்லிமீட்டர் உயரத்தில் பிடித்து, தாளைத் தொடாமல், ஒரு நிமிடத்தில் கோட்டைக் கடந்து செல்லுங்கள். பிறகு அண்ணனையும் அக்காவையும் செய்யச் சொல்லுங்கள். யார் கை நடுங்கியது என்று குறித்துவைத்து, அதை வகுப்பிலே சொல்லுங்கள்!