சடுகுடு ஆடும் கால் ரக்பிக்கும் உதவும்

வாகட், புனே

ஆள் வாட்டசாட்டமாக இருந்தால்தான் ரக்பி ஆட முடியும் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். வாகட்டில் எங்கள் அடுத்த வீட்டில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. பையனுக்கு 14 வயது, ஒல்லி உடம்பு. சொந்த ஊர் நெல்லைப் பக்கம்.

"தம்பி, நீங்க பேப்பருக்கு எழுதுறவங்க. இவனுக்கு இது சரிப்படுமா?" என்று கேட்டார் தகப்பனார்.

நான் ரெயில்வே குமாஸ்தா; விளையாட்டு வீரன் அல்ல. தெரிந்ததைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, தென் ஆப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பிக்கு உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம்தான். 2019-ல் யோகோஹாமாவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே இங்கிலாந்து காப்டன் ஓவன் பாரெல். உள்பக்கமாக ஒரே வெட்டு! பாரெல் தடுமாறினார், கோல்பி கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டார்."

அந்த ஆட்டத்தில் 32-12 என்று வென்றது தென் ஆப்பிரிக்கா.

வெட்டுவது எப்படி?

ரக்பியில் பந்தைக் கையால் முன்னே எறியக்கூடாது. பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்கலாம். ஆகவே முன்னேற வேண்டுமானால் பந்தோடு ஓடவேண்டும், அல்லது உதைக்கவேண்டும்.

ஓடுகிறவன் எதிராளியின் முகத்தைப் பார்க்கக்கூடாது. முகம் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. பந்தை இரண்டு கையாலும் பிடித்தால், கொடுக்கப் போகிறானா, ஓடப் போகிறானா என்று எதிராளிக்குத் தெரியாது. நெருங்கியதும் அடியைக் குறுக்கி, உடம்பைத் தாழ்த்தி, வலது காலை வெளியே அழுத்தி ஊன்றி இடது பக்கம் பாயவேண்டும். பாய்ந்த உடனே வேகம் கூடவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவன் மடக்கிவிடுவான்.

இது நமக்குப் புதிதா என்ன? சடுகுடுதானே! மராட்டியர்கள் ஹுதுது என்பார்கள். முளா ஆற்றுக்கு அக்கரையில் பாலேவாடியில்தான் 2024 டிசம்பர் 29-ந் தேதி புரோ கபடி இறுதி ஆட்டம் நடந்தது. ஏழு பேர் நடுவே நுழைந்து நழுவும் அந்தக் கால்தான் இங்கும் வேண்டும். ஒரு வித்தியாசம்: சடுகுடுவில் தொட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும். ரக்பியில் திரும்பிப் பார்த்தால் பிடிபட்டான்.

முழங்கால் ஜாக்கிரதை

தகப்பனாரின் பயமும் வீண் அல்ல. வேகமாக ஓடிக் காலை ஊன்றி வெட்டும்போது முழங்கால் உள்ளே திருகினால் தசைநார் அறுந்துபோகும். ஆள் யாரும் மோதவே வேண்டாம். முதலில் மெதுவாக ஓடி, முழங்காலை மடக்கி ஊன்றப் பழகவேண்டும். மழைக்கால வழுக்குத் தரையில் இந்த வேலையே கூடாது.

ஆளைச் சாய்க்காமல், தொட்டாலே போதும் என்று ஆடும் 'டச் ரக்பி'யும் உண்டு. முதலில் அதை ஆடட்டும் என்றேன்.

தகப்பனார் சம்மதித்துவிட்டார். தாயார்தான் இன்னும் பிடிகொடுக்கவில்லை.