அனுபவத்துக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும்

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியது. குடவோலை என்றதும் குடமும் ஓலையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்குப் பிடித்தது அதிலுள்ள வேறொரு விதி. வாரியத்துக்கு வருகிறவருக்கு இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். அரைக்கால் வேலிதான் இருக்கிறதா? ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றும் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் என்றால் அதுவே போதும். ஒரு தகுதி குறைந்தால் இன்னொன்றை வைத்து ஈடு கட்டலாம் என்று அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மனி நாடு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக 2024 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்திய ஒரு விதியும் ஏறக்குறைய இதே ரகம்தான். டிப்ளமோ படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அதற்கு முன்பெல்லாம் ஜெர்மனியில் தொழில்நுட்ப வேலைக்குப் போக வேண்டுமானால், நம் படிப்பு அவர்கள் நாட்டுத் தொழிற்பயிற்சிக்குச் சமம்தான் என்று அங்குள்ள அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறை இருந்தால் மேற்கொண்டு பயிற்சி எடு என்பார்கள். பத்து வருஷம் லேத்தில் நின்றவனுக்கும் இதே கதைதான். இப்போது அந்த ஒப்பீடு இல்லாமலேயே போக ஒரு வழி இருக்கிறது. படிப்பு, படித்த நாட்டின் அரசு அங்கீகரித்ததாகவும் குறைந்தது இரண்டு ஆண்டுக் காலம் கொண்டதாகவும் இருந்தால் போதும். நம் டிப்ளமோ மூன்று ஆண்டு. இந்த இரண்டு விவரத்தையும் பான் நகரிலுள்ள வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகம் உறுதி செய்து ஒரு தாள் தரும். அதோடு, கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் அதே தொழிலில் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். வேலை தருவதாக அங்குள்ள கம்பெனியின் உறுதியும் வேண்டும். சம்பளத்துக்கும் ஒரு வரம்பு உண்டு: 2025-இல் ஆண்டுக்கு 43,470 யூரோ, அதாவது மாதம் 3,600 யூரோவுக்குச் சற்று மேல். ஆளை மலிவாகக் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இது. ஒவ்வொரு ஆண்டும் இந்தத் தொகை மாறும். செவிலியர் வேலை போல அரசு உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கு இந்த வழி செல்லாது. ஜெர்மன் மொழி தெரிந்தே ஆக வேண்டும் என்று இந்த விதியில் இல்லை. ஆனால் ஃபோர்மேன் சொல்வது புரியாதவனை எந்தக் கம்பெனி எடுக்கும்? கற்றுக்கொள்வதே நல்லது.

அனுபவத்துக்கு விலை வைப்பது ஜெர்மனி மட்டும் அல்ல. சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளர்களை உயர்திறன், அடிப்படைத் திறன் என இரண்டாகப் பிரிக்கிறார்கள். 2024 ஜனவரியில் வந்த கணக்குப்படி முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை உயர்திறன் தொழிலாளிக்கு 500 வெள்ளி, மற்றவருக்கு 900 வெள்ளி. உயர்திறன் பட்டியலில் சேரப் பல வழிகள். அவற்றில் ஒன்று, ஆறு ஆண்டு அங்கேயே வேலை செய்து 1,600 வெள்ளிக்குக் குறையாத சம்பளம் வாங்குவது. ஆக, அனுபவசாலியை வைத்துக்கொள்வது முதலாளிக்கே லாபம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுபவம் கையில் இருந்தால் மட்டும் போதாது, காகிதத்தில் இருக்க வேண்டும். நம்ம பக்கத்துப் பையன்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருஷம் சி.என்.சி. மெஷின் ஓட்டினார். மெஷின் ஒன்றுதான், ஆனால் காண்ட்ராக்டர் மட்டும் மூன்று முறை மாறினார். சம்பளம் பேங்கில் விழுந்ததே தவிர சீட்டு என்று ஒன்று கொடுத்ததில்லை. வெளிநாட்டுக்கு முயற்சி செய்யலாம் என்று அனுபவக் கடிதம் கேட்டபோது, கடைசிக் காண்ட்ராக்டர் நாலு வரி எழுதிக் கொடுத்தார். அதில் அண்ணனின் பதவி "உதவியாளர்". தேதியும் அவரிடம் இருந்த எட்டு மாதத்துக்கு மட்டும்தான். புரோகிராம் எடிட் செய்தது, டூல் ஆஃப்செட் போட்டது, மைக்ரோமீட்டரில் அளந்து பாஸ் செய்தது எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை. அதே தொழிலில் அனுபவம் வேண்டும் என்று கேட்கிற அதிகாரி, உதவியாளர் என்ற சொல்லைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்?

இதற்கு இப்போது சட்டத்தில் ஒரு பிடி கிடைத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அதன் 56-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் காண்ட்ராக்டர் அனுபவச் சான்றிதழ் தர வேண்டும். செய்த வேலையின் விவரமும் அதில் இருக்க வேண்டும். கவனியுங்கள், "கேட்டால்". தானாக வீட்டுக்கு வந்து சேராது.

அப்ரண்டிஸாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி நீங்கள் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அந்த ஒரு வருஷத்தை வேலை அனுபவம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு விண்ணப்பித்தால் சிக்கல் வரலாம். இரண்டு வருஷம் என்பதை அதற்குப் பிறகே எண்ணத் தொடங்குங்கள்.

பி.எஃப். விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். காண்ட்ராக்டர் எத்தனை முறை மாறினாலும் யு.ஏ.என். நம்பர் ஒன்றாகவே இருக்க வேண்டும். புது ஆள் புது நம்பர் போட வந்தால் பழைய நம்பரை எடுத்துக் கொடுங்கள். பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தில் இல்லாத மாதத்துக்கும் அந்தப் பாஸ்புக் சாட்சி சொல்லும். அண்ணனுக்கு முதல் இரண்டு காண்ட்ராக்டர்கள் காலத்து மாதங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அதுதான். பதவிப் பெயரைத் திருத்தித் தரச் சொல்லிக் கடைசிக் காண்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் எழுதிப் போட்டிருக்கிறார். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, கடிதம் இன்னும் வரவில்லை.