இலையுதிர் காலத்தில் விடைபெறும் உள்ளான்கள்

கிரான்பர்ன்வாசிகள் காரில் எளிதில் சென்றடையக்கூடிய எடித்வேல்-சீஃபோர்டு ஈரநிலம், பண்டைய காரம் காரம் சதுப்பு நிலத்தின் எஞ்சிய பகுதியாகும். இது 2001ஆம் ஆண்டிலும், தமிழகத்தின் கோடியக்கரை 2002ஆம் ஆண்டிலும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

இவ்விரு இடங்களுக்கும், மன்னார்க் கரைக்கும் பொதுவான விருந்தாளி ஒன்றுண்டு: கர்லூ சேண்ட்பைப்பர் எனப்படும், கீழ்நோக்கி வளைந்த அலகுடைய உள்ளான். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை அங்கெல்லாம் பனிக்கால வரவு. இங்கோ கோடைக்கால வரவு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீர் வற்றிச் சேறு வெளிப்பட்ட ஓரங்களில் இதனைத் தேடலாம். சாம்பல் நிற இறகுகள் செங்கல் நிறமாக மாறத் தொடங்கியிருப்பின், பயணத்திற்கு ஆயத்தமாகிறது என்று பொருள்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பயணத்திற்கு உடலில் கொழுப்பு சேர வேண்டும். அஞ்சி எழும்பும் ஒவ்வொரு முறையும் அது கரைகிறது. ஆஸ்திரேலியக் கூட்டரசு 2015ஆம் ஆண்டில் இதனை மிகவும் அருகிவிட்ட இனமாக அறிவித்தது. ஆகவே, நாயை வீட்டிலேயே விட்டு வருமாறும், பறவை நோக்கும் மறைவிடத்திலிருந்து அமைதியாகக் காணுமாறும் வேண்டுகிறோம். கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி இடும் வழக்கம் நமக்குண்டு. இங்கு ரொட்டித் துண்டும் இட வேண்டாம். சேற்றிலுள்ள புழு, பூச்சிகளே இவற்றின் உணவு. பைனாகுலர் இருப்பின் உடன் கொண்டு வருக.